திருஷ்டிக்குக் கட்டிய முகம்

மணிமொழி என்ன படிக்கிறாள் என்பது திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. எம்.பி.பி.எஸ். முடித்தபோது தெருவே சந்தோஷப்பட்டது. ஊசி போடுவாள், மாத்திரை எழுதுவாள், தலைவலி என்றால் போய்க் கதவைத் தட்டலாம். அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல பெயரோடு இருந்திருப்பாள். மேற்படிப்பு என்று சென்னைக்குப் போனாள். கதிரியக்கப் புற்றுநோய் சிகிச்சையில் எம்.டி., மூன்று வருஷம். அம்மா அதை அக்கம்பக்கத்தில் சுருக்கமாகச் சொன்னாள்: "கேன்சருக்கு லைட் அடிக்கிற படிப்பு." எதிர்வீட்டு மணியம்மாள் உடனே கேட்டாள்: "லைட் அடிக்கிறதுக்கு மூணு வருஷமா?"

கேள்வியில் நியாயம் இருக்கத்தான் செய்தது. பன்னிரண்டாம் வகுப்போடு தலைமுழுகிவிட்டதாக நினைத்த இயற்பியல், முதல் வருஷமே திரும்பி வந்து மணிமொழியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. கதிர் எவ்வளவு ஆழம் போகும், எங்கே போய்ச் சோரும், எந்தச் செல் செத்துப்போகும், எது சாவதுபோல நடித்துவிட்டு மறுவாரம் எழுந்துகொள்ளும் என்று பக்கம் பக்கமாகப் படித்தாள். பிறகு கோடு போடும் வேலை. நோயாளியின் ஸ்கேன் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏடு ஏடாகப் பிரித்துவைத்து, இது கட்டி, இது தண்டுவடம், இதன்மேல் கதிர் படலாம், இதன்மேல் படவே கூடாது என்று ஒவ்வொரு ஏட்டிலும் வளையம் போட வேண்டும். மூன்று வருஷத்தில் அவள் போட்ட கோடுகளை முடிச்சுப் போட்டு நீட்டினால் அண்ணாமலையை நாலு சுற்றுச் சுற்றிக் கட்டலாம். இதைப் போய் மணியம்மாளிடம் எப்படிச் சொல்வது?

அவளுக்குக் 'கரண்டு டாக்டர்' என்று பெயர் வைத்தவர் தாய்மாமன் தசரதன். மைக்செட் தசரதன் என்றால்தான் ஊருக்குத் தெரியும். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவர் குரலில்தான் தொடங்கும். பௌர்ணமி வந்தால் காலையில் கிரிவலம் நடந்துவிட்டு, சாயங்காலம் செங்கம் ரோட்டு அன்னதானப் பந்தலில் மைக்கைப் பிடித்துக்கொள்வார். கூட்டத்தில் தொலைந்துபோனவர்களைச் சேர்த்துவைப்பது அவர் வேலை. "பண்ருட்டியிலிருந்து வந்திருக்கும் அம்மா அவர்களே, உங்கள் வீட்டுக்காரர் காணாமல் போகவில்லை, இங்கே பந்தலில் இரண்டாவது பந்தியில் உட்கார்ந்திருக்கிறார், மூன்றாவது பந்திக்குள் வந்து அழைத்துச் செல்லவும்" என்பார். தொலைந்தவர்களே சிரித்துக்கொண்டுதான் வந்து சேருவார்கள்.

மருமகளுக்கு எம்.டி. சீட் கிடைத்த மாதம், அதே மைக்கில் ஊர் உலகத்துக்கெல்லாம் அறிவித்தார். "நம்ம வேங்கிக்கால் பொண்ணு, கரண்டு வைக்கிற டாக்டருக்குப் படிக்கப் போவுது."

"கரண்டு இல்ல மாமா, கதிரியக்கம்" என்றாள் மணிமொழி.

"ஆஸ்பத்திரியில கரண்டு வைக்கிறாங்கன்னுதானம்மா எல்லாரும் சொல்றாங்க. கதிரியக்கம்னா எனக்கு மைக்ல எச்சில் தெறிக்குது."

அன்றிலிருந்து அவள் திருத்தாத நாளில்லை. அவர் திருந்திய நாளுமில்லை.

அந்தக் குரல்தான் போன மார்கழி மாதம் கம்மியது. மாமா முதலில் மைக்கை மாற்றினார். அது சரிப்படாமல் ஆம்ப்ளிஃபயரை மாற்றினார். ஸ்பீக்கரையும் மாற்றி முடித்து, இனி மாற்ற மிச்சமிருப்பது தொண்டை மட்டும்தான் என்கிற கட்டத்தில் மணிமொழி பொங்கலுக்கு வந்தாள். அவர் "வாம்மா கரண்டு" என்றதைக் கேட்டதும் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். கையோடு சென்னைக்கு இழுத்துப்போய்த் தன் பேராசிரியர் அருணாதேவியிடம் காட்டினாள். குரல்நாணில் அரிசி அளவுக்கு ஒரு கட்டி. புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பம். கதிர் கொடுத்தாலே பெரும்பாலும் குணமாகும், குரல்வளையை வெட்டி எடுக்க வேண்டியதில்லை என்றார் பேராசிரியர். வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அப்படி இப்படி என்று இழுத்தடித்து, பங்குனிப் பௌர்ணமியை முடித்த கையோடு மாமா போய்ச் சேர்ந்தார். தாம்பரத்தில் மச்சான் வீட்டில் தங்கி, தினமும் ரயிலேறி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்.

முதல் நாள் அவருக்கு முகமூடி செய்தார்கள். வலை வலையாக ஓட்டை போட்ட வெள்ளைத் தகடு அது. வெந்நீரில் போட்டால் ஊறின அப்பளம் போலத் தளரும், முகத்தின்மேல் இழுத்துப் போர்த்தினால் சில நிமிஷத்தில் இறுகிவிடும். மூக்கு, தாடை, கழுத்து எல்லாம் அச்சு அசலாகப் பதிந்திருக்கும். தினமும் அதை மாட்டி, படுக்கைப் பலகையோடு சேர்த்து முடுக்கிவிட்டால் தலை இம்மியும் அசையாது, கதிர் நேற்றுப் பட்ட இடத்திலேயே இன்றும் படும். "என் மூஞ்சிக்கு ஜெராக்ஸ் எடுத்துட்டீங்க, ஒரிஜினல வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்று மாமா கேட்டதைத் துறையில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சித்திரை பிறந்ததும் மணிமொழி இறுதிப் பரீட்சைக்குப் படிக்க விடுப்பில் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமாவுக்கு எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டரை வாரச் சிகிச்சைதான் பாக்கி.

சித்ரா பௌர்ணமியன்று காலையில் அவள் படித்துக்கொண்டிருந்தது, சிகிச்சை நடுவில் தடைபட்டால் என்ன செய்வது என்கிற பாடம். பரீட்சைக்காரர்களுக்குக் கொள்ளைப் பிரியமான கேள்வி. சில வாரம் கதிர் பட்டதும், தப்பிப் பிழைத்த புற்றுச் செல்கள் உஷாராகி வேகமாகப் பெருக ஆரம்பிக்கும், அந்த நேரத்தில் ஒரு நாள் விட்டாலும் லாபம் அதுகளுக்குத்தான், அதிலும் தலை, கழுத்துப் புற்றுக்கு இடைவெளியே ஆகாது என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். அம்மா வந்து புத்தகத்தின்மேல் ஒரு தூக்குவாளியை வைத்தாள்.

"இந்தக் கூழைக் கொண்டுபோய் அத்தைகிட்ட குடுத்துட்டு வா. தனியா கெடக்குது பாவம்."

அடுத்த தெருதான். மாமா வீட்டில் மாடி எழும்பிக்கொண்டிருந்தது. மணிமொழி உள்ளே நுழைந்தாள். மின்விசிறிக்குக் கீழே, கழுத்தில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு தசரதன் மாமா உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா கரண்டு" என்றார். குரலில் காற்றுதான் முக்கால்வாசி.

"மாமா, இன்னிக்கு இன்னா கிழமை?"

"புதன். டாக்டருக்குப் படிச்சா கிழமைகூட மறந்துடுதா?"

"புதன்கிழமை இந்நேரம் நீங்க மெட்ராஸ்ல மெஷினுக்குக் கீழ படுத்திருக்கணும்."

"இன்னிக்கு சித்ரா பௌர்ணமிம்மா. பன்னெண்டு வருஷமா ஒரு பௌர்ணமி விட்டதில்ல. ஒரு நாள் லீவு போட்டுட்டு வந்துட்டேன்."

"இதுக்கெல்லாம் லீவு கெடையாது மாமா."

"யாரு சொன்னது?" மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். வாதத்துக்கு ஆள் கிடைத்தால் அவருக்கு நோயெல்லாம் பறந்துவிடும். "உங்க ஆஸ்பத்திரியில சனிக்கெழம லீவு, ஞாயித்துக்கெழம லீவு. வருஷப் பொறப்புக்கு லீவு. டாக்டருங்க லீவு போட்டா கட்டி கம்முனு இருக்குது. நோயாளி லீவு போட்டா மட்டும் வளருதா? அண்ணாமலையாருக்கு ஒரு நாள் குடுக்க மாட்டீங்களா?"

மூன்று வருஷம் படித்தவளுக்கு இதற்குப் பதில் தெரியாமல் இல்லை. சனி ஞாயிறு விடுவதைக் கணக்கில் சேர்த்துத்தான் மொத்த அளவையும் போடுகிறோம், அந்த இரண்டு நாளில் நல்ல செல்கள் தேறிக்கொள்ளும், அதற்குமேல் விட்டால் கெட்டதும் சேர்ந்து தேறிக்கொள்ளும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். தரையில் விரலால் படம்கூடப் போட்டாள். நல்ல பதில். எந்தப் பரீட்சைக்காரரும் முழு மார்க் போட்டிருப்பார். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப கட்டிக்குக் காலண்டர் பாக்கத் தெரியும்ன்ற" என்றார்.

"மாமா, நீங்க மொதல்ல பேசாதீங்க. தொண்டைக்கு ரெஸ்ட் குடுங்க."

"நீ கேள்வி கேட்டுக்கினே இருக்கிறியே, ஜாடையிலயா பதில் சொல்றது?"

கடைசியில் பேரம் பேசினாள். இன்றைக்குப் போனது போகட்டும். நாளை முதல் பஸ்ஸில் கிளம்பிவிட வேண்டும். விட்டுப்போன நாளைச் சனிக்கிழமை வைத்து ஈடுகட்டச் சொல்கிறேன் என்றாள்.

"சரிம்மா. நீ சொன்னா சரிதான்."

தசரதன் மாமா தன் வாழ்நாளில் ஒரு வாக்குவாதத்தையும் இத்தனை சுலபத்தில் விட்டுக்கொடுத்தவரல்ல. பரீட்சைக்குப் படித்துப் படித்துச் சூடேறியிருந்த மூளைக்கு அது உறைக்கவில்லை. ஜெயித்துவிட்ட நினைப்பில் மணிமொழி வெளியே வந்தாள்.

வாசலில் செருப்பை மாட்டும்போது எதேச்சையாக மேலே பார்த்தாள். மாடியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் புதுசாக ஒரு திருஷ்டி பொம்மை தொங்கியது. முறுக்கு மீசை, கோரைப்பல், நெற்றியில் எலுமிச்சம்பழ அளவுக்குக் குங்குமம், கழுத்தில் மிளகாய் மாலை. வீடு கட்டும் இடத்தில் இது வழக்கம்தான். ஆனால் இந்தப் பொம்மையின் மூக்கு இடது பக்கமாகக் கோணியிருந்தது. இருபது வயசில் ஸ்பீக்கர் கட்ட மரத்தில் ஏறி விழுந்ததில் தசரதன் மாமாவின் மூக்கு அதே பக்கம்தான் கோணும்.

மாடிப்படியில் இறங்கிவந்த சந்திரகலா அத்தை, அவள் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தாள். "நல்லாருக்கா? கடையில வாங்கினது காத்துல போயிடுச்சு. இது மூக்கும் முழியுமா அம்சமா இருந்துச்சா, தூக்கிப் போட மனசு வரல. நானே மீசை வரைஞ்சேன்."

"இது எப்படி அத்தை இங்க வந்துச்சு?"

"மாமாதான் முந்தாநேத்து ராத்திரி கொண்டாந்தாரு. கரண்டு வைக்கிறதெல்லாம் முடிஞ்சிடுச்சாமே. இனிமே இது வேணாம்னு குடுத்துட்டாங்களாம். இரும்மா, நல்ல சேதின்னு பாயசம் வச்சிருக்கிறேன், குடிச்சிட்டுப் போ."

மணிமொழி படியேறிப் போய்க் கம்பியை முறுக்கிப் பிரித்து முகமூடியை இறக்கினாள். ஒன்றரை நாள் சித்திரை வெயிலும் கம்பியின் இழுப்பும் சேர்ந்து தாடையை ஒரு பக்கமாகத் தொங்கவைத்திருந்தன. கோரைப்பல்லோடு மாமா அவளைப் பார்த்து இளித்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தாள். சிரித்து முடித்ததும் அங்கே கொட்டியிருந்த மணல்மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு நாள் லீவில் வருகிறவன் முகத்தைக் கழற்றிக் கையோடு எடுத்துவர மாட்டான். மாமா திரும்பிப் போகிற உத்தேசத்தில் வரவில்லை.

உள்ளே போய் முகமூடியை அவர் முன்னால் வைத்தாள். மிளகாய் மாலை அப்படியே இருந்தது.

"இத எப்படி மாமா வாங்கினீங்க?"

மாமா பொம்மையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ பரீட்சைக்குப் படிக்கக் கேட்டேன்னு சொன்னேன். உடனே எடுத்துக் குடுத்தாங்க. அங்க உன் பேருக்கு நல்ல மரியாதை."

"எத்தினி நாளாச்சு போயி?"

"வெள்ளிக்கெழமையோட சரி."

பாயச டம்ளரோடு வந்த அத்தை வாசற்படியிலேயே நின்றாள். "முடியலையா?" என்றாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "போவும்போது குரல் பாதி இருந்துச்சும்மா. அங்க வைக்க வைக்கக் கம்மியாவுது. போன வாரம் கால்வாசி. நேத்து ஷெட்டுக்குள்ள போயி மைக்கை மாட்டி, ஹலோ ஹலோன்னு சொல்லிப் பாத்தேன். ஊதுறாப்புல காத்துதான் வருது. இன்னும் ரெண்டரை வாரம் வச்சா அதுவும் போயிடும். இருக்கிறத வச்சுக்கினு வீட்டுல கெடக்கிறேன், வுட்டுடு."

மாமா கேலி கலக்காமல் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசி மணிமொழி அன்றுதான் கேட்டாள். அவர் பயந்துபோயிருக்கிறார். அது பயம் என்று தெரிந்ததும் அவளுக்கும் பயமாக இருந்தது.

மூன்றாம் நாலாம் வாரத்தில் குரல் இன்னும் மோசமாகும், கதிர் பட்ட இடம் வீங்குவதால் அப்படி, முடிந்து சில வாரத்தில் தேறிவரும். இது அவளுக்கு மனப்பாடம். சம்மதக் கையெழுத்து வாங்கும்போது அவருக்கும் சொல்லியிருந்தாள். தோல் கறுக்கும், விழுங்கினால் வலிக்கும், சுவை தெரியாது, சளி கட்டும் என்று மூச்சுவிடாமல் சொன்ன வரிசையின் நடுவில், குரல் குறையலாம் என்பதும் ஓடிப்போயிருந்தது. மற்றவர்களுக்கு இவையெல்லாம் ஒவ்வொன்றாக வந்து போகும் தொந்தரவு. மைக்செட் தசரதனுக்கு அதில் ஒன்றுதான் காதில் விழவேண்டியது. அதை நிறுத்திச் சொல்ல அவளுக்குத் தோன்றாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது.

அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "மாமா, குரல் போறது கட்டியால இல்ல. நாங்க வைக்கிற கதிரால உள்ள புண்ணாயிருக்குது. முடிச்சப்புறம் ஆறும். இத நான் உங்ககிட்ட முன்னாடியே தனியா உக்காந்து சொல்லியிருக்கணும். சொல்லல."

"ஆறினா பழைய குரல் வந்துடுமா?"

"நெறைய பேருக்கு நல்லா வருது. உங்களுக்கு வரும்னு எழுதித் தர முடியாது. ஆனா பாதியில நிறுத்தினா கட்டி திரும்ப வரும். திரும்ப வந்தா குரல்பெட்டியையே எடுத்துடுவாங்க மாமா. கழுத்துல ஓட்டை போட்டு அது வழியாத்தான் மூச்சு." முகமூடியின் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "எனக்கு அத நெனைச்சாலே பயமா இருக்குது. உங்க வாயால கரண்டு டாக்டர்னு கூப்பிட்டுக் கேக்காம நான் அந்த வேலையைப் பாத்து இன்னா பண்ண?"

மாமா முகமூடியை எடுத்து மடியில் வைத்து, மீசையை விரலால் தடவினார்.

"பரீட்சையிலயும் இப்படித்தான் பதில் எழுதுவியா? வரும், ஆனா எழுதித் தர முடியாதுன்னு?"

"எழுதினா மார்க்கைக் கம்மி பண்ணிடுவாங்க."

"பண்ணட்டும்." முகமூடியைக் கீழே வைத்தார். "சரி, போறேன். ஆனா பௌர்ணமி வுட்டுப்போவக் கூடாது. என் நடையை நீ நடக்கணும்."

"நானா? எனக்கு அடுத்த வாரம் பரீட்சை மாமா."

"செருப்பு இல்லாம, முழுசா. அக்னி லிங்கத்துல ஒரு டீ, அடி அண்ணாமலையில ஒரு மோர், அப்புறம் ஆட்டோன்னு நடந்தா கணக்குல சேராது."

"நீங்க பாதியில எழுந்து வந்தா நானும் பாதியில ஆட்டோ ஏறிடுவேன்."

"ஏறு பாக்கலாம். சித்ரா பௌர்ணமிக்கு அந்த ரோட்டுல ஆட்டோவ எவன் வுடுறான்?"

பேராசிரியர் அருணாதேவிக்குப் போன் போட்டாள். மேடம் முழுக் கதையையும் கேட்டார்கள். திருஷ்டி பொம்மை கட்டம் வந்ததும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிரிப்பை அடக்குகிறார்களா, கோபத்தை அடக்குகிறார்களா என்று மணிமொழிக்குத் தெரியவில்லை. பிறகு திட்ட ஆரம்பித்தார்கள், நன்றாகவே திட்டினார்கள். கோணிப்போன முகமூடி உதவாது, நாளைக் காலை வந்தால் புதிது செய்து, ஸ்கேன் எடுத்து, மறுநாளே தொடங்கலாம், விட்டுப்போன நாள்களுக்கு ஆறு மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இரண்டு வேளை கதிர் கொடுத்து ஈடுகட்டலாம், சனிக்கிழமையும் வர வேண்டும் என்றார்கள். கடைசியாக, "தடைபட்ட சிகிச்சையைப் பற்றி உனக்குப் பரீட்சையில் கேள்வி வராதும்மா. உன் அதிர்ஷ்டம் அப்படி" என்று சொல்லி வைத்தார்கள்.

"பாத்தியா, லீவு கேட்டவனுக்கு ஓவர்டைம் போட்டுட்டாங்க" என்றார் மாமா.

மத்தியான பஸ்ஸில் அத்தை அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். இந்த முறை ஒரு நிமிஷம்கூட அவரைத் தனியாக விடுவதில்லை என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. ஊரே திருவண்ணாமலைக்குள் வந்துகொண்டிருந்த அந்த நாளில் வெளியே போகிற பஸ் காலியாக இருந்தது.

வெயில் தாழ்ந்ததும் மணிமொழி ராஜகோபுரத்துக்கு எதிரில் கற்பூரம் ஏற்றிவிட்டு நடக்க ஆரம்பித்தாள். நடந்தாள் என்பதுகூடச் சரியில்லை. கூட்டம் நகர்ந்தது, அவளும் நகர்ந்தாள். எல்லாரும் சிவ சிவா என்று போக, அவள் மட்டும் கோபால்ட், சீசியம், இரிடியம் என்று கதிர்வீசும் தனிமங்களின் அரை ஆயுள் கணக்கைப் பரீட்சைக்காக முணுமுணுத்துக்கொண்டே போனாள். பக்கத்தில் வந்த யாரோ ஓர் அம்மா அதை ஏதோ மந்திரம் என்று நினைத்து, சொல்லித்தரச் சொல்லிக் கேட்டாள்.

பேசக் கூடாது என்று சொல்லியிருந்ததால் மாமா பஸ்ஸிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்தார். "எந்த லிங்கம்?" "எம லிங்கம் தாண்டிட்டேன்." "நல்லது. அங்க ரொம்ப நிக்காத." அடி அண்ணாமலை வருவதற்குள் அவள் பாதம் எரிந்தது. திரும்பிப் போகவும் அத்தனை தூரம், முன்னால் போகவும் அத்தனை தூரம். ஒரு மைல்கல்லில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருக்கையில் அடுத்த செய்தி வந்தது. "உக்காந்துட்டியா?" எப்படித்தான் தெரிந்ததோ. "இல்ல" என்று பொய்யை அனுப்பிவிட்டு எழுந்து நடந்தாள். குபேர லிங்கம் தாண்டி, ஈசான்யம் தாண்டி, கோபுரம் கண்ணில் பட்டதும் அங்கேயே நின்று அழுதாள். கால் வலிக்குத்தான் என்று பக்கத்திலிருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மாமா பாக்கிச் சிகிச்சையை முடித்தார். இரண்டு வேளை நாள்களில் ஆறு மணி நேரம் காத்திருக்கையில் அந்தக் காத்திருப்புக் கூடம் முழுவதையும் எழுத்தில் பேசியே சிரிக்கவைத்தாராம். மணிமொழி நொண்டிக்கொண்டே பரீட்சை எழுதினாள். பேராசிரியர் சொன்னபடியே தடைபட்ட சிகிச்சை வரவில்லை. கேட்டதெல்லாம் கோபால்ட்டும் சீசியமும்தான். கிரிவலத்தில் ஒப்பித்தது கை கொடுத்தது. தேறிவிட்டாள்.

மாமாவின் குரல் மட்டும் அவசரப்படவில்லை. வைகாசியில் காற்று. ஆனியில் காற்றோடு கொஞ்சம் கரகரப்பு. அவள் போன் பண்ணும்போதெல்லாம் அத்தைதான் எடுத்துப் பேசினாள். ஆடியில் குழாய் விட்டுப் பார்த்தபோது குரல்நாண் சுத்தமாக இருந்தது. கட்டியின் சுவடே இல்லை. "இனிமே கொஞ்சங்கொஞ்சமா பேசலாம். மைக் மட்டும் நான் சொல்ற வரைக்கும் வேணாம்" என்றாள் மணிமொழி. மாமா தலையை ஆட்டினார். குரல் இவ்வளவுதானோ என்கிற பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

ஆவணிப் பௌர்ணமிக்கு ஊருக்கு வந்தவள், சாயங்காலம் அம்மாவோடு செங்கம் ரோட்டுக்குப் போனாள். பந்தலில் வேறு யாரோ மைக்கில் சுரத்தில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். பெயரைச் சொல்வதும், ஊரைச் சொல்வதும், அவ்வளவுதான். கூட்ட நெரிசலில் அம்மா எந்தப் பக்கம் ஒதுங்கினாள் என்று தெரியவில்லை. மணிமொழி வளையல் கடை ஓரமாக நின்று தேடிக்கொண்டிருந்தாள்.

ஸ்பீக்கர் ஒருமுறை கொர்ரென்றது. "ஹலோ, ஹலோ" என்றது ஒரு குரல்.

கரகரத்த குரல். பழையது போல ரோடு முழுக்க உருண்டு ஓடவில்லை. பாக்கு வைத்த வாய்போலக் கொஞ்சம் அடைத்துக்கொண்டு வந்தது. ஆனால் காற்றில்லை, குரல்தான். முழுசாகக் குரல்.

"பக்த கோடிகளுக்கு ஓர் அறிவிப்பு. வேங்கிக்காலைச் சேர்ந்த கரண்டு டாக்டர் மணிமொழி அவர்கள் கூட்டத்தில் தொலைந்துவிட்டார். வயது இருபத்தொன்பது. படிப்பு ஜாஸ்தி, வழி தெரியாது. அவருடைய அம்மா பந்தலில் காத்திருக்கிறார். டாக்டர் மைக்கைத் தொட வேணாம்னு சொல்லியிருந்தார், அதனால் திட்டுவதற்காகவாவது உடனே மேடைக்கு வரவும்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வளையல் வாங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்து, "யாருங்க அது, கரண்டு டாக்டரு?" என்று பொதுவாகக் கேட்டாள்.

மணிமொழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான்தாங்க" என்றாள்.